தொங்குதிண்ணை

2022 பிப்ரவரியில் பாலக்காட்டை அடுத்த மலம்புழைக்கு அருகே குறும்பாச்சி மலையில் ஓர் இளைஞர் சறுக்கி விழுந்து, செங்குத்துப் பாறையின் நடுவே ஒரு பொந்தில் சிக்கிக்கொண்டார். மேலேயும் ஏற முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. இரண்டு இரவுகளைத் தாண்டி, சுமார் 45 மணி நேரம் கழித்து, ராணுவ வீரர்கள் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார்கள். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த கேரளமும் கொங்குநாடும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: அந்த இடத்தில் ஒருவர் எப்படித் தூங்குவார்?

இதே கேள்வியை வேண்டுமென்றே தேடிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய பாறைச் சுவர்களை ஏறி முடிக்க ஐந்து நாள், பத்து நாள், சில சமயம் இருபது நாள்கூட ஆகும். இருட்டியதும் இறங்கி வந்து மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது நடக்கிற காரியமில்லை. சுவரிலேயே சமைத்து, சுவரிலேயே படுக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்தப் படுக்கையைப் பற்றியது. அதை மாட்டிப் பார்க்க நான் தேர்ந்தெடுக்கும் இடம் திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துரா. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், மழையை நேராக வாங்கும் ஊர் அது. ஆல்ப்ஸில் வேலை செய்யும் வடிவமைப்புகள் இங்கே ஏன் தோற்கும் என்பதில்தான் இந்தக் கதையின் சுவாரசியம் இருக்கிறது.

கனம் ஒரு பிரச்சினையே இல்லை

முதலில் ஊஞ்சல் மாதிரியான துணிப்படுக்கைதான் வந்தது. 1970இல் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் பாறையில் வாரன் ஹார்டிங்கும் டீன் கால்டுவெல்லும் 27 நாள்கள் தொங்கியபடி ஏறினார்கள். ‘வௌவால் கூடாரம்’ என்று ஹார்டிங் பெயரிட்ட தூளிகளில் படுத்தார்கள். தூளியில் படுத்தால் உடல் மடங்கும். சுவர் தோளை நெருக்கும். மழை பெய்தால் தூளி நிரம்பும். அவர்களுக்கு மூன்றும் நடந்தது.

1980களில் சட்டம் போட்ட படுக்கை வந்தது. அலுமினியக் குழாய்களை நீள்சதுரமாகக் கோத்து, நடுவே நைலான் துணியை இறுக்கி, நான்கு மூலைகளிலும் பக்கங்களிலும் பட்டைகள் கட்டி, எல்லாப் பட்டைகளையும் தலைக்கு மேலே ஒரே புள்ளியில் சேர்த்துத் தொங்கவிடுவார்கள். மேலே நீர்புகாத் துணிக் கூரை. இதைத் தமிழில் ‘தொங்குதிண்ணை’ என்று சொல்லிக்கொள்வோம்.

இரண்டு பேர் 140 கிலோ, மூட்டை முடிச்சு 60 கிலோ என்று வைத்தால் மொத்தம் 200 கிலோ. நல்ல பாறையில் சரியாக அடித்த ஒற்றை உலோக ஆணி இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். அப்படி இரண்டு, மூன்று ஆணிகளைச் சேர்த்துத்தான் மாட்டுவார்கள். அறுந்து விழுமோ என்று நமக்கு வயிறு கலங்கும் இடத்தில் பொறியியல் கணக்கு நிம்மதியாகத் தூங்குகிறது. ஆபத்து வந்ததெல்லாம் வேறு பக்கத்திலிருந்து. 1986 மார்ச்சில் ஜான் மிடன்டார்ஃபும் இரு நண்பர்களும் ஹாஃப் டோம் பாறையின் தென்முகத்தில் புயலில் மாட்டினார்கள். திண்ணைகளின் சட்டம் உடைந்தது. நனைந்து உறையும் நிலைக்குப் போனவர்களை ஹெலிகாப்டர் மீட்டது. அதன்பின் மிடன்டார்ஃப் ஏ5 என்ற நிறுவனத்தைத் தொடங்கி, புயல் தாங்கும் திண்ணைகளைச் செய்வதையே வேலையாகக் கொண்டார்.

இந்தியாவில் இதன் புகழ்பெற்ற சோதனை கங்கோத்ரிக்கு மேலே மேரு சிகரத்தில் நடந்தது. ‘சுறாத் துடுப்பு’ எனப்படும் பாறை முகத்தில் கான்ராட் ஆங்கர், ஜிம்மி சின், ரெனான் ஓஸ்டர்க் மூவரும் 2008இல் ஏழு நாளுக்கான உணவோடு ஏறி, புயலில் சிக்கி, இருபது நாள் தாக்குப்பிடித்து, உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் இருக்கையில் திரும்பினார்கள். 2011இல் மறுபடி போனபோது திண்ணையின் சட்டம் சுவரிலேயே உடைந்தது. அங்கேயே பழுது பார்த்து, அக்டோபரில் உச்சியைத் தொட்டார்கள்.

கட்டடக் கலைஞர்கள் செய்து பார்த்தவை

துணியோடு நிற்காமல் பெட்டியாகவே கட்டிப் பார்த்தவர்களும் உண்டு. இத்தாலியில் கிராண்ட் ஜோராஸ் சிகரங்களுக்குக் கீழே 2,835 மீட்டர் உயரத்தில் 2011இல் வைத்த ஜெர்வாசுத்தி தங்குகூடம், உருளை வடிவத் துண்டுகளாகத் தொழிற்சாலையில் தயாராகி ஹெலிகாப்டரில் வந்திறங்கியது. அதன் ஒரு முனை பள்ளத்தை எட்டிப் பார்த்தபடி அந்தரத்தில் நிற்கிறது. ஸ்லோவேனியாவின் ஸ்கூட்டா மலையில் 2015இல் ஓஃபிஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம் ஹார்வர்டு மாணவர்களோடு சேர்ந்து இன்னொன்றை நிறுவியது. பெருவில் பாறைச் சுவரில் சுமார் 400 மீட்டர் உயரத்தில் ஒளிபுகும் சிற்றறைகளைத் தொங்கவிட்டு, இரவுக்கு வாடகையும் வாங்குகிறார்கள்.

இவற்றில் ஆல்ப்ஸ் பெட்டிகள் இரண்டும் காற்றையும் பனியையும் எண்ணிச் செய்தவை. பனி உறைந்தே விழுகிறது. கூரை சரிவாக இருந்தால் சறுக்கிப் போகும், இல்லையென்றால் கனமாக உட்காரும். எப்படியும் விரிசல் வழியாக வழிந்து படுக்கைக்கு வராது. கேரளத்தில் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. அதுவும் இரண்டு பருவக்காற்றிலும். ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை வித்துராவில் குடையை எரவாணத்தில் சொருகி வைக்க முடியாது.

பொன்முடிப் பாறை

வித்துராவிலிருந்து கல்லாறு தாண்டி பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். கிழக்கே போனக்காடு தேயிலைத் தோட்டம். அங்கிருந்துதான் 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலைக்கு நடைவழி போகிறது. கடைசிப் பகுதியில் வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். பேப்பாறை சரணாலயமும் பக்கத்திலேயே. இது ஆணி அடித்து விளையாட அனுமதி கிடைக்கும் காடு அல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாம் மாட்டுவது கற்பனைத் திண்ணை. பாறையும் மழையும் மட்டும் நிஜம்.

பொன்முடிப் பாறை புவியியலாளர்களுக்கு நன்கு பழக்கமானது. வெளிர்நிறப் பட்டைப்பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோகைட் உருவாகியிருப்பதை இங்குள்ள கல்குவாரிச் சுவரில் கண்ணாலேயே பார்க்கலாம். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் வெப்பத்தில் நடந்த மாற்றம் அது. சென்னைப் பல்லாவரத்துக் கல்லும் இதே இனம்தான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையை அந்தக் கல்லில் செய்திருந்ததால் பாறை இனத்துக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்லறைக் கல்லால் இப்படிப் பெயர் வாங்கியவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

நமக்கு வேண்டியது இதன் வடிவம். ஆழத்தில் நசுங்கிக் கிடந்த பாறை, மேலே மூடியிருந்தவை அரிக்கப்பட்டுப் போனதும், சுமை குறைந்து சற்றே விரிகிறது. விரியும்போது பரப்புக்கு இணையாக விரிசல் விடுகிறது. ஏடு ஏடாக உரிகிறது. அதனால் இந்த மலைகள் கூர்மையாக இல்லாமல் வழுக்கை மண்டைகளாக உருண்டு நிற்கின்றன. சுவர் செங்குத்தாக இருப்பது அபூர்வம்; பெரும்பாலும் சரிவு. புதிதாக ஏறுபவருக்குச் சரிவு தைரியம் தரும். திண்ணை மாட்டுபவருக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆயிரம் லிட்டர்

நம் தொங்குதிண்ணை 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். படுத்தால் உடல் சுவரை ஒட்டி நீளவாக்கில் இருக்கும். அதற்கு மேலே பாறை இன்னும் 50 மீட்டர் போகிறது. தரையிலிருந்து 60 பாகை சாய்வு. மணிக்கு 20 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வித்துராக்காரர்கள் இதைப் பெரிய மழை என்று சொல்லமாட்டார்கள்.

திண்ணையின் கூரைமேல் நேரடியாக விழுவது எவ்வளவு? பரப்பு 2 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆக மணிக்கு 40 லிட்டர். நல்ல கூடாரத்துணி இதைச் சிரமமின்றித் தள்ளிவிடும்.

இனி சுவர். 60 பாகையில் சாய்ந்த 50 மீட்டர்ப் பாறையை நேர்மேலே வானத்திலிருந்து பார்த்தால் அதன் நிழல் 25 மீட்டர் இருக்கும். திண்ணையின் 2 மீட்டர் நீளத்தால் பெருக்கினால் 50 சதுர மீட்டர். அந்த 50 சதுர மீட்டரில் விழும் மழை முழுவதும் பாறையோடு வழிந்து, திண்ணை சுவரைத் தொடும் இடத்துக்கு வந்து சேர்கிறது. மணிக்கு 1,000 லிட்டர். வானத்திலிருந்து வருவதைப் போல 25 மடங்கு. ஆக, இங்கே மழை மேலிருந்து வருவதில்லை. முதுகுப்பக்கச் சுவரிலிருந்து வருகிறது. கூரைத்துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் பயனில்லை. சொரசொரப்பான பாறையோடு துணி முழுமையாக ஒட்டவே ஒட்டாது. தோல்வி அந்த இடைவெளியில்தான்.

சாய்வை மாற்றிப் பார்ப்போம். 75 பாகையானால் நிழல் 13 மீட்டராகச் சுருங்கும். வரும் நீர் 500 லிட்டர் சொச்சம். நேர்செங்குத்துச் சுவருக்கு நிழலே இல்லை. காற்று கொண்டுவந்து அறையும் நீர் மட்டும்தான் வழியும். அதையும் தாண்டி வெளியே சாய்ந்து நிற்கும் பாறை, அதாவது தலைக்குமேல் கூரையாக நீண்டிருக்கும் பாறை, அடியில் காய்ந்தே கிடக்கும். ஏறத் தோதான சரிவில்தான் தண்ணீர் அதிகம். பார்த்தாலே கால் நடுங்கும் இடத்தில் இல்லவே இல்லை. மிடன்டார்ஃப் மாட்டிய ஹாஃப் டோம் தென்முகமும் இப்படி உருண்ட சரிவுப் பாறைதான்.

காற்றைச் சேர்த்தால் சங்கடம் கூடும். நடுத்தர மழைத்துளி வினாடிக்கு ஆறு ஏழு மீட்டர் வேகத்தில் விழுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் காற்றடித்தாலே அது 45 பாகை சாய்ந்து வரும். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று மலைமுகத்தில் மோதி, போக வழியின்றி மேல்நோக்கித் திரும்பும். தூறல் துளிகள் வினாடிக்கு இரண்டு மீட்டர்கூட விழாதவை. அவற்றை இந்தக் காற்று தூக்கிக்கொண்டு போகும். மழை கீழிருந்து மேலே பெய்யும். தொங்குதிண்ணையின் துணி அடிப்பக்கத்தையும் சுற்றி மூடுவது இதற்காகத்தான்.

விளிம்பில் தயங்கும் நீர்

ஆயிரம் லிட்டரை எப்படித் தடுப்பது? பதில் நம்பிக்கை தருகிறது. அளவு பெரிதானாலும் தடிமன் அற்பம். வழுவழுப்பான பாறையில் அந்த நீர் வினாடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த படலமாக ஓடும். சொரசொரப்பான இடத்தில் தடிக்கும், ஓடைக்கோடுகளில் சில மில்லிமீட்டர் வரை சேரும். அவ்வளவுதான். விரல் பருமனுள்ள ஒரு வரம்பு குறுக்கே இருந்தால் படலம் அதைத் தாண்டாது. வரம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடிவிடும்.

இன்னொரு சிக்கல், நீர் பாறையோடு ஒட்டிக்கொள்வது. பாறை உள்நோக்கி வளையும் இடத்தில் நீர் சொட்டிவிடும் என்று எதிர்பார்ப்போம், சொட்டாது. நீர்மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதாலும் பாறையை இழுப்பதாலும் படலம் வளைவைப் பற்றிக்கொண்டு கூரையின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து உள்ளே வரும். இதை ‘பற்றுநீர்’ என்போம். உங்கள் வீட்டு சன்ஷேடின் அடிவிளிம்பை அண்ணாந்து பாருங்கள். மேஸ்திரி பூசும்போதே ஒரு பள்ளக்கோடு இழுத்திருப்பார். பற்றுநீர் அந்தக் கோட்டின் விளிம்புவரை வரும். கூரான மூலையில் மேல்நோக்கித் திரும்பிப் பள்ளத்துக்குள் ஏற அதற்குத் தெம்பில்லை. அங்கேயே திரண்டு சொட்டும். கோடு மிகக் குறுகலாக இருந்தால் நீர் அதன்மேல் பாலம் போட்டுக் கடந்துவிடும். ஆகவே சில மில்லிமீட்டருக்கு மேல் அகலம் வேண்டும்.

இந்தத் தந்திரத்தைத் தமிழகத்துப் பாறைகளில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செதுக்கி வைத்திருக்கிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள மாங்குளம் முதலிய மலைகளில் சமண முனிவர் தங்கிய குகைத்தளங்களின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு வெட்டு ஓடும். தொல்லியலாளர்கள் அதை ‘காடி’ என்றும் ‘நீர்வடி விளிம்பு’ என்றும் சொல்வார்கள். மேலிருந்து வழியும் நீர் காடியில் தடைபட்டு முன்னால் விழும். உள்ளே கற்படுக்கை நனையாது. பல இடங்களில் தமிழ் பிராமி எழுத்துகள் காடிக்குக் கீழேதான் உள்ளன. அவை இன்றும் படிக்கக் கிடைப்பதில் அந்த வெட்டுக்குப் பங்குண்டு. இலங்கையின் மிகிந்தலை போன்ற மலைகளில் பௌத்தத் துறவிகளின் குகைகளிலும் இதே வெட்டு, இதே போல் கீழே எழுத்து. புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில் ஏழடிப்பாட்டம் என்ற குகைத்தளத்துக்குப் போகப் பாறையில் கால் வைக்க வெட்டிய குழிகளே வழி. உள்ளே மெருகேற்றிய 17 படுக்கைகள். பாறை முகத்தில் ஏறிப்போய்த் தூங்கும் கட்டடக்கலைக்கு நம் பக்கத்தில் இதைவிடப் பழைய எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. வித்துராவுக்குத் தெற்கே, மார்த்தாண்டத்துக்கு அருகில் உள்ள சிதறாலிலும் ஒரு பெரும்பாறை இன்னொன்றின்மேல் கவிந்து தந்த நிழலில்தான் சமணர் தங்கினார்கள்.

வித்துராவுக்கு ஒரு திண்ணை

காட்டுப் பாறையில் உளி வைக்க முடியாது. ஆகவே காடியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். திண்ணைக்கு இரண்டு மீட்டர் மேலே, மென்மையான ரப்பர்ப் பட்டை ஒன்றைக் கூரை வடிவில் இருபக்கமும் சரியும்படி பாறையோடு அழுத்திக் கட்டலாம். ஆயிரம் லிட்டர் இரண்டாகப் பிரிந்து பக்கத்துக்கு 500 லிட்டராகத் திண்ணைக்கு வெளியே ஓடும். பட்டைக்கும் பாறைக்கும் நடுவே கொஞ்சம் கசியத்தான் செய்யும். பத்தில் ஒரு பங்கு கசிந்தாலும் 100 லிட்டர். ஆனால் 100 லிட்டரைக் கூடாரத்துணி சமாளிக்கும், 1,000 லிட்டரைச் சமாளிக்காது. தொங்கவிடும் பட்டைகள் வழியாகவும் நீர் இறங்கும். கூரைக்குள் நுழையுமுன் பட்டையில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் நூலைப் பிடித்து வெளியே சொட்டும்.

உள்ளே வேறொரு ஈரம். தூங்கும் ஒருவர் இரவில் மூச்சிலும் தோலிலும் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை இழக்கிறார். இருவருக்கு அரை லிட்டர். ஆல்ப்ஸில் சாளரத்தைத் திறந்தால் வறண்ட குளிர்காற்று அதை வாங்கிப் போகும். ஜூலையில் பொன்முடியில் வெளிக்காற்றே நீர் தாங்க முடியாத அளவு நிறைந்திருக்கும். திறந்தும் அதிகம் பயனில்லை. ஈரமானாலும் சூடு காக்கும் செயற்கை இழை உறக்கப்பை இங்கே இறகுப் பையைவிட மேல். ஒரே ஆறுதல், அட்டை அவ்வளவு உயரத்துக்குச் சுவரேறி வராது.

சரி, ரப்பரும் நூலும் எதற்கு, காய்ந்து கிடக்கும் கூரைப்பாறைக்கு அடியிலேயே மாட்டிவிடலாமே? பாறை ஏடு உரிந்து விழுந்த இடங்களில் அப்படிப்பட்ட சிறு கூரைகள் நிறையக் கிடைக்கும். அங்கே மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஓர் ஏடு உரிந்த இடத்தில் அடுத்த ஏடும் தளர்ந்திருக்கும். தட்டிப் பார்த்து வெற்றொலி வந்தால் அதில் எதையும் மாட்டக்கூடாது. இரண்டாவது மின்னல். கேரளத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரை ஒட்டியும் பிற்பகல் இடிமழை அதிகம். மின்னோட்டம் நனைந்த பாறைப் பரப்போடு இறங்கி வரும். கூரை விளிம்பை அடைந்ததும் கீழே உள்ள பாறைக்குத் தாவும். நடுவே மனித உடல் இருந்தால் அதன் வழியாகவே தாவும். மழைக்குப் பாதுகாப்பான பொந்து இடிக்குப் பாதுகாப்பற்றது. ஆகவே அந்த மாதங்களில் பிற்பகலுக்குள் சுவரைவிட்டு இறங்கிவிடுவதே வழி.

மூன்றாவது, அந்த இடம் ஏற்கெனவே குடியேறப்பட்டிருக்கும். மலைத்தேனீ கூடு வைப்பது பாறைக் கூரைகளின் அடியில்தான். ஒற்றை அடை ஒரு மீட்டர் அகலம்கூட வரும். ஒரே பாறையில் பல அடைகள் தொங்கும். அடையை மூடித் தேனீக்களே திரையாகத் தொங்குகின்றன; தலை மேலே, வால் கீழே, ஒன்றன்மேல் ஒன்று கவிந்தபடி. சாரல் அடித்தால் நீர் இறகுகள்மேல் வழிந்து கீழே போகிறது, அடைக்குள் இறங்குவதில்லை. பருவமழை வருமுன் பெரும்பாலான கூட்டங்கள் அடையை விட்டுப் பறந்துவிடும். காட்டில் காணிக்காரர்கள் தேனெடுப்பதும் மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில்தான். பாறையேறிகள் வர விரும்புவதும் அதே மாதங்களில்.

ஒரு கூட்டத்தைக் கலைத்தால் நூற்றுக்கணக்கில் துரத்தும். கயிற்றில் தொங்குபவரால் ஓட முடியாது. அதனால் ஏறுமுன் அடிவாரத்தில் நின்று, தொலைநோக்கியால் ஒவ்வொரு கூரையின் அடியையும் பார்த்துவிட வேண்டும். கருந்திட்டு தெரிந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். அடை இல்லாத அடுத்த கூரை சில சமயம் ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. அப்போது சரிவின் நடுவிலேயே மாட்ட வேண்டியதுதான். ரப்பர்ப் பட்டை அங்கே உதவும்.